குளிரை வரைந்த ஓவியர்

நுழையும் முன்

பனிக்காலக் காட்சி ஒன்றை வரையச் சொன்னால், மாணவர் பலர் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிட்டு, மேலே நீல வானத்தையும் ஓரத்தில் ஒரு வீட்டையும் தீட்டி முடித்துவிடுவர். பார்ப்பவருக்குப் பனி தெரியும், குளிர் தெரியாது. குளிர் கண்ணுக்குப் புலப்படாத பொருள். உடல் அறியும், கண் அறியாது. கண்ணால் மட்டுமே துய்க்கப்படும் ஓவியத்தில் அதனை எவ்வாறு கொண்டுவருவது? ரஷ்ய ஓவியர் வாசிலி பெரோவ் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் நாடியது பனியை அன்று. ஒரு குதிரையையும் ஒரு பெண்ணையும்.

பாடம்

மாஸ்கோ நகரின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் சிறிய ஓவியம் ஒன்று உள்ளது. அதன் அகலம் 57 சென்டிமீட்டர். உயரம் 45 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுதி. விரித்த செய்தித்தாளைவிடச் சிறியது. பெரிய போர்க்களக் காட்சிகளும் அரசர் உருவங்களும் தொங்கும் கூடங்களில் நடந்து பழகியவர்கள் இதனைக் காணாமலே கடந்துவிடக்கூடும். ஆனால் ஒருமுறை நின்று பார்த்தவர் எளிதில் அவ்விடம் விட்டு அகலார்.

ஓவியத்தில் ஒரு பனிப்பாதை. அதில் சக்கரமில்லாத சறுக்குவண்டி ஒன்று மேட்டை நோக்கிச் செல்கிறது. பூட்டப்பட்டிருப்பது ஒரே குதிரை. உழவுக்கும் சுமைக்கும் பழகிய, மெலிந்த குடியானவர் வீட்டுக் குதிரை. வண்டியில் ஒரு சவப்பெட்டி. அது பாயால் மூடப்பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. பெட்டியை ஒட்டி இரு குழந்தைகள். தந்தையின் ஆட்டுத்தோல் அங்கிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் சிறுவனின் தலையில் அவனுக்குப் பொருந்தாத பெரிய தொப்பி. சிறுமியோ பெட்டியின்மேல் கையிட்டு அணைத்திருக்கிறாள். முன்னே அமர்ந்து கடிவாள வாரைப் பிடித்திருப்பவள் அவர்களின் தாய். வண்டியோடு ஒட்டி ஒரு நாய் ஓடுகிறது. வேறு எவரும் இல்லை. இறந்தவரை வழியனுப்ப ஊரார் வரவில்லை, உறவினர் வரவில்லை. கணவனை அடக்கம் செய்ய மனைவியே வண்டி ஓட்டிச் செல்கிறாள். 1865ஆம் ஆண்டில் தீட்டப்பட்ட இவ்வோவியம் 'இறுதிப் பயணம்' என்னும் பெயரால் அறியப்படுகிறது.

இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. துயரத்தைக் காட்ட முனையும் ஓவியர் எவரும் முதலில் நாடுவது முகத்தையே. கலங்கிய கண்களும் துடிக்கும் உதடுகளும் எளிதில் இரக்கத்தை எழுப்பும். பெரோவ் அந்தத் தாயின் முகத்தைக் காட்டவேயில்லை. அவள் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறாள். பார்ப்பவர் வண்டிக்குப் பின்னால், அதே பாதையில், சற்றுத் தொலைவில் நிற்கும் நிலையில் வைக்கப்படுகிறார். வண்டி அவரைவிட்டு விலகிச் சென்றுகொண்டிருக்கிறது. ஓடிச்சென்று அவள் முகத்தைப் பார்க்க இயலாது. கூன் விழுந்தாற்போல் வளைந்த அந்த முதுகு ஒன்றே அனைத்தையும் சொல்லியாக வேண்டும். அது சொல்லியும் விடுகிறது.

அவ்வளைவுக்குத் துணையாக மற்றொரு வளைவு முன்னே இருக்கிறது. அது குதிரையுடையது. மேட்டில் சுமை இழுக்கும் குதிரை தலையைத் தாழ்த்தும். உடலின் பாரத்தை முன்னோக்கிச் சாய்த்துக் கழுத்துப்பட்டையின்மீது செலுத்தும். பின்னங்கால்களால் நிலத்தை உந்தும். குதிரையைக் கூர்ந்து நோக்கியவர்க்கே இந்நிலை கைவரும். தலை நிமிர்ந்து, காது விடைத்து, பிடரி பறக்க நிற்கும் குதிரையை வரைவது எளிது. நாணயங்களிலும் சிலைகளிலும் அத்தகைய குதிரைகள் நிரம்ப உண்டு. உழைக்கும் குதிரையின் அழகோ அதன் தாழ்விலேயே இருக்கிறது. பெரோவின் ஓவியத்தில் தாயின் முதுகும் குதிரையின் உடலும் ஒரே பாரத்தைச் சுமப்பனபோல் ஒத்த கோடுகளாய் அமைந்துள்ளன. இரண்டில் ஒன்றை அழித்துவிட்டால் மற்றொன்றும் பொருள் இழக்கும். குதிரை இல்லையேல் அவள் வெறுமனே குனிந்து அமர்ந்த பெண். அவள் இல்லையேல் அது மேடேறும் ஒரு குதிரை. அவ்வளவே.

இத்தகைய காட்சியை இவ்வளவு அணுக்கமாக வரைந்தவர் யார்? வாசிலி பெரோவ் சைபீரியாவின் தபோல்ஸ்க் நகரில் பிறந்தவர். தந்தை உயர்குடியினர்; எனினும் பெற்றோரின் திருமணம் மகன் பிறந்த பின்னரே நடந்தமையால் தந்தையின் குடிப்பெயர் அவருக்குக் கிட்டவில்லை. 'பெரோவ்' என்பது எழுத்துப் பயிற்சி அளித்த ஆசிரியர் வைத்த பட்டப்பெயர். ரஷ்ய மொழியில் 'பெரோ' என்றால் இறகுப் பேனா. அழகிய கையெழுத்துக்காக வழங்கிய அப்பெயரே பின்னர் உலகறிந்த பெயராயிற்று.

மாஸ்கோவில் ஓவியம் பயின்ற அவர், 1861இல் தங்கப் பதக்கமும் அயல்நாடு சென்று பயிலும் உதவித்தொகையும் பெற்றார். பாரிசு நகரை அடைந்தார். பிறர் ஏங்கிக் கிடக்கும் வாய்ப்பு அது. பெரோவோ உதவித்தொகைக் காலம் முடியும் முன்பே, 1864இல், தாயகம் திரும்ப இசைவு கேட்டு விண்ணப்பித்தார். தாம் அறியாத மக்களின் வாழ்வை வரைவதைவிட, தம் நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் இன்னும் எவரும் தொடாத வாழ்வை வரைவதே பயனுடையது என்பது அவர் கூறிய காரணம். பண்ணையடிமை முறை 1861இல்தான் ரஷ்யாவில் சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. அடிமைத்தளை நீங்கியும் வறுமை நீங்காத குடியானவர் வீடுகள் எங்கும் இருந்தன. திரும்பி வந்த பெரோவ் அடுத்த ஆண்டே தீட்டியது இந்தச் சறுக்குவண்டி.

பனியின் நிறம் குறித்தும் இங்கே சற்று விரிவாகக் காண வேண்டும். பனி வெண்மையானது என்பதை அறியாதார் இல்லை. ஆனால் பெரோவின் ஓவியத்தில் தூய வெண்மையைத் தேடினால் அரிதாகவே கிட்டும். பாதை சாம்பல் நிறம்; ஆங்காங்கே பழுப்பு; தொலைவில் கருமை படிந்த காடு; கனத்த மேகங்களுக்கிடையே அந்தியின் மங்கிய மஞ்சள். வெண்பனிக்குத் தனக்கென்று நிறமில்லை என்றே கூறலாம். வானம் எதைத் தருகிறதோ அதையே அது திருப்பிக் காட்டும். கதிரவன் காயும் தெளிந்த நாளில் பனியின்மேல் விழும் நிழல் நீலமாக இருக்கும். ஏனெனில் கதிரொளி மறைக்கப்பட்ட அவ்விடத்துக்கு ஒளி தருவது நீல வானம் மட்டுமே. மாலைக் கதிர் சாயும்போது பனி இளஞ்சிவப்பாகும். மேகம் மூடிய நாளிலோ நிழல்கள் கரைந்து, நிலமும் வானமும் ஒரே சாம்பலாய்க் கலக்கும். பெரோவ் தேர்ந்தது இந்த மூன்றாம் நாளை.

மேகமூட்டமான நாளில் பனித்தரை வானத்தைவிட வெண்மையாக இருப்பதாகவே தோன்றும். இது கண்ணின் மயக்கம். பனிக்கு ஒளி தருவதே வானம்தான். பெறுவது தருவதைவிட மிகுந்து ஒளிர்வது எவ்வாறு? பனி பெய்யாத ஊரில் இருப்பவரும் இதனைச் சோதித்து அறியலாம். கதிரவன் முற்றிலும் மறைந்த மழைக்கால நாளொன்றில், திறந்த வெளியில் ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் விரித்து, அதன் அருகில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, நேர்மேலாகக் குனிந்து நோக்குக. தலையை ஓரமாக வைத்துக்கொண்டால், கண்ணாடியில் தெரியும் வானத்தின் அருகே வெள்ளைத்தாள் மங்கித் தோன்றும். வெள்ளைத்தாளையும் சாம்பல் கலந்து தீட்டவேண்டும் என்பது அப்போது விளங்கும்.

வெண்மையை அடக்கி வைப்பதில் ஒரு பயனும் உண்டு. தாள் முழுதும் வெண்மையாய் இருந்தால் கண் எங்கும் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். சாம்பலின் நடுவே இருண்ட சிறு தொகுதியாய்க் குதிரையும் வண்டியும் நிற்கும்போது, கண் வேறு புகலின்றி அவ்விடத்தே சென்று சேர்கிறது. சுற்றிலும் உள்ள வெறுமையே குளிராகிறது.

குளிரை இவ்வாறு மனிதரிலும் விலங்கிலும் வைத்துக் காட்டும் முறை தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையின் தொடக்கத்தில் நக்கீரர் வரையும் சொல்லோவியத்தைக் கற்றோர் அறிவர். அங்கே பனி உறைவதில்லை. மழையும் வாடையுமே குளிர். பெருவெள்ளத்துக்கு அஞ்சி ஆநிரைகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச்சென்ற கோவலர், தீயில் கை காய்ச்சியும் கன்னம் நடுங்க நிற்கின்றனர். விலங்குகள் மேயவும் மறந்தன. பால் உண்ண வந்த கன்றைத் தாய்ப்பசு உதைத்துத் தள்ளியது. குளிர் எத்துணைக் கொடியது என்று புலவர் அளந்து கூறவில்லை. கன்றையே உதறிய பசுவைக் காட்டி அமைந்தார். பெரோவ் இந்நூலைக் கண்டிருக்க வழியில்லை. நாடும் காலமும் வேறாயினும், குளிரைக் காட்ட இருவரும் சென்று நின்ற இடம் தொழுவத்தின் அருகேதான்.

1868இல் பெரோவ் மீண்டும் குதிரையிடம் திரும்பினார். 'ஊர் எல்லையின் கடைசி மதுக்கடை' என்பது அவ்வோவியம். மாலை மயங்கிவிட்டது. தொடுவானத்தில் மட்டும் குளிர்ந்த மஞ்சள் ஒளி. மதுக்கடையின் பலகணிகளில் விளக்கொளி சிவந்து தெரிகிறது. உள்ளே வெதுவெதுப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. வெளியே இரு சறுக்குவண்டிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஒரு பெண், போர்வைக்குள் ஒடுங்கிக் காத்திருக்கிறாள். உள்ளே சென்றவர் எப்போது வருவார் என்று அவளுக்குத் தெரியாது. குதிரைகளுக்கும் தெரியாது. காற்று வீசுகிறது, பாதை நீண்டு இருளுக்குள் செல்கிறது. முந்தைய ஓவியத்தில் பெண்ணும் குதிரையும் ஒரு பாரத்தை இழுத்தனர். இதில் ஒரே காத்திருப்பைப் பகிர்கின்றனர். இதிலும் அவள் முகம் தெளிவாகத் தெரிவதில்லை. சாளரத்தின் செந்நிறம் ஒன்றை மட்டும் அகற்றிப் பார்த்தால் இவ்வோவியத்தின் கொடுமை பாதியாகக் குறைந்துவிடும். வெம்மை எங்கோ அருகில் இருந்தும் கிட்டாதபோதுதான் குளிர் மிகும்.

இவ்விரண்டுக்கும் இடையே, 1866இல், அவர் மற்றொரு பனிக்காட்சியைத் தீட்டினார். அதன் பெயர் 'திரோய்க்கா'. ரஷ்யாவில் மூன்று குதிரைகள் பூட்டிய விரைவு வண்டிக்கு அப்பெயர் வழங்கும். பெயரைக் கேட்ட ரஷ்யர் மணியொலியும் குளம்பொலியும் பாய்ச்சலும் கண்முன் விரியும் என்று எதிர்பார்ப்பர். ஓவியத்திலோ குதிரை இல்லை. பனி மூடிய தெருவில், உயர்ந்த மதிற்சுவரின் ஓரமாக, மூன்று குழந்தைகள் ஒரு நீர்ப்பீப்பாயைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்து வருகின்றனர். குதிரைகளுக்குரிய இடத்தில் சிறுவர் இருவர், ஒரு சிறுமி. பீப்பாயிலிருந்து சிந்திய நீர் அங்கேயே உறைந்து தொங்குகிறது. கிராமங்களிலிருந்து தொழில் கற்பதற்கென்று மாஸ்கோவின் பட்டறைகளுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள், தொழிலைக் கற்பதைவிட இத்தகைய ஏவல்களையே மிகுதியாகச் செய்தனர். இம்முறை பெரோவ் முதுகைக் காட்டவில்லை. மூவரும் நம்மை நோக்கியே வருகின்றனர். ஓவியமும் பெரிது, அகலம் 167 சென்டிமீட்டருக்கு மேல். குழந்தைகளின் முகங்களைத் தவிர்த்துவிட்டு எவரும் கடந்து செல்ல இயலாது.

இவ்வோவியத்துக்குப் பின்னே நிகழ்ந்த ஒன்றைப் பெரோவே பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஓரத்துக் குழந்தைகள் இருவரையும் வரைந்து முடித்த அவருக்கு, நடுவில் நிற்கும் சிறுவனுக்கு ஏற்ற முகம் நெடுநாள் கிட்டவில்லை. ஒருநாள் நகரின் எல்லையில், தலயாத்திரையாக நடந்து வந்த ஒரு மூதாட்டியையும் அவளுடைய மகனையும் கண்டார். அவள் பெயர் மரியா, சிறுவன் வாஸ்யா. தேடிய முகம் அதுவே. வரைய இசைவு கேட்டபோது தாய் அஞ்சினாள். உருவத்தை வரைந்தால் வரையப்பட்டவர் மெலிந்து இறந்துபோவர் என்று ஊரில் சொல்வார்களே என்றாள். கணவனையும் பிற குழந்தைகளையும் ஏற்கெனவே மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். எஞ்சியவன் இவன் ஒருவனே. பெரோவ் தேற்றினார். அவள் இசைந்தாள். ஓவியம் நிறைவுற்றது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. அம்மூதாட்டி மீண்டும் பெரோவின் வாயிலில் வந்து நின்றாள். வாஸ்யா அம்மை நோயால் இறந்துவிட்டான். உடைமைகளை எல்லாம் விற்று, குளிர்காலம் முழுதும் கூலிக்கு உழைத்துச் சேர்த்த பணத்தோடு வந்திருந்தாள். மகன் இருக்கும் அந்த ஓவியத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவள் வேண்டுகோள். ஓவியமோ அப்போது பெரோவிடம் இல்லை. கலைப்பொருள் திரட்டி வந்த வணிகர் பாவெல் திரெத்தியாகோவின் இல்லத்தில் இருந்தது. அவளிடமிருந்த பணமும் அதற்கு ஈடாகாது. விலையைச் சொல்லி அனுப்பிவிட மனம் வராமல், பெரோவ் அவளை அவ்வில்லத்துக்கே அழைத்துச் சென்றார். எந்த ஓவியம் என்று அவர் காட்டவில்லை. கூடத்தில் பல ஓவியங்கள் தொங்கின. அவள் பிறவற்றை நோக்காது நேரே 'திரோய்க்கா'வின் முன் சென்று நின்றாள், மண்டியிட்டாள். தெய்வத் திருவுருவத்தின் முன் வழிபடுவதுபோல் நெடுநேரம் அங்கேயே இருந்தாள்.

பின்னர் பெரோவ் வாஸ்யாவின் உருவத்தை மட்டும் தனியே வரைந்து, பொன்முலாம் பூசிய சட்டத்தில் பொருத்தி அவளுடைய ஊருக்கு அனுப்பிவைத்தார்.

சொல்லும் பொருளும்

சறுக்குவண்டி – பனியின்மேல் வழுக்கிச் செல்லும் சக்கரமில்லா வண்டி
கடிவாள வார் – குதிரையைச் செலுத்தப் பிடிக்கும் தோல்பட்டை
பலகணி – சாளரம்
தொடுவானம் – நிலமும் வானமும் கூடுவதாகத் தோன்றும் எல்லை
வாடை – வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று
ஆநிரை – பசுக்கூட்டம்
கோவலர் – ஆயர், மாடு மேய்ப்போர்
பண்ணையடிமை – நிலவுடைமையாளரின் நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவர்

பயிற்சி

1. 'இறுதிப் பயணம்' ஓவியத்தில் தாயின் முகம் காட்டப்படாமையால் விளையும் பயன் யாது? முகம் காட்டப்பட்டிருந்தால் ஓவியம் எவ்வாறு மாறியிருக்கும்? நான்கு தொடர்களில் எழுதுக.

2. பாரிசிலிருந்து முன்னதாகவே திரும்பப் பெரோவ் கூறிய காரணத்தை உம் சொற்களில் எழுதுக. அவர் முடிவு சரியானதே என்றோ, தவறு என்றோ ஒரு பக்கம் நின்று வாதிடுக.

3. 'திரோய்க்கா' என்னும் பெயர் அவ்வோவியத்துக்கு எவ்வாறு பொருந்துகிறது?

4. ஓவியத்தை மரியா தானே கண்டறியட்டும் என்று பெரோவ் விட்டதேன்? வகுப்பில் கலந்துரையாடுக.

5. வெண்பனி, வளைந்த முதுகு, உறைந்த நீர், இழுக்கும் குழந்தைகள் – இவற்றுள் பெயரெச்சத் தொடர்களைத் தனியே எடுத்தெழுதுக. எஞ்சியதன் இலக்கணக் குறிப்புத் தருக.

வரைந்து பார்க்க

பனிக்காலக் காலைப்பொழுதில் ஒரு மனிதரும் ஒரு கால்நடையும் உள்ள காட்சியை வரைக. பனி பெய்யும் ஊரில் வாழ்வோர் பனியை வரையலாம். பிறர் தம் ஊரின் மூடுபனியை வரையலாம். மாடு, ஆடு, எருமை, குதிரை, ஒட்டகம் எதுவாயினும் நேரில் பார்த்ததாக இருக்கட்டும்.

வெள்ளை வண்ணத்தைத் தொடும் முன், சாம்பலில் ஐந்து படிநிலைகளைத் தனித்தாளில் கலந்து பார்த்துக்கொள்க. விலங்கையும் மனிதரையும் முதலில் கண், காது, ஆடை என்று பிரிக்காமல் ஒரே இருண்ட உருவமாகத் தீட்டுக. அவ்வுருவம் மட்டுமே குளிரைச் சொல்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று நோக்குக. சொல்லவில்லையெனில் முதுகுக் கோட்டைத் திருத்துக. தூய வெண்மையைத் தாள் முழுவதிலும் ஓரிடத்தில் மட்டும் வைக்கலாம். அந்த இடம் எது, ஏன் என்பதை ஓவியத்தின் பின்புறம் இரண்டு தொடர்களில் எழுதி ஆசிரியரிடம் காட்டுக.